பொறுமை இல்லாத தலைமுறையாம்!

போன வாரம் ஒரு கல்யாணம். பந்தி முடிஞ்சு வெத்தலை போட்டுக்கிட்டே தூரத்துச் சொந்தத்துல ஒரு பெரியப்பா ஆரம்பிச்சார். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு பொறுமையே இல்லப்பா. எப்பப் பாரு ரீல்ஸு!" சொன்ன கையோட அவரே போனை எடுத்து பேஸ்புக்ல வீடியோ தள்ள ஆரம்பிச்சுட்டார். அடுத்த பந்திக்கு இலை போடற வரைக்கும் தலை நிமிரல :-)

இந்த 'பொறுமை இல்ல' பல்லவியைக் கேட்டாலே எனக்கு கடுப்பாகுது. பொறுமை இல்லாதவன் எப்படிங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து ஒரு சீரிஸை முழுசா முடிப்பான்?

அப்பா காலத்துல வெள்ளிக்கிழமை தூர்தர்ஷன்ல 'ஒளியும் ஒலியும்' போடுவான், முடிஞ்சுடும். பேப்பரும் கடைசிப் பக்கத்தோட முடிஞ்சுடும். அவங்க எழுந்து போனது கட்டுப்பாட்டுல இல்ல சார். சரக்கு தீர்ந்துடுச்சு, போனாங்க. அவ்ளோதான்.

எங்களுக்கு அந்த முடிவையே பிடுங்கிட்டாங்க. 2006-ல முடிவில்லாத ஸ்க்ரோலை உருவாக்கின அசா ராஸ்கின் பின்னாடி அவரே அதுக்காக வருத்தப்பட்டார். 2012-ல யூட்யூப், எத்தனை பேர் கிளிக் பண்றாங்கங்கிறதை விட எவ்வளவு நேரம் பார்க்கறாங்கங்கிறதுதான் முக்கியம்னு பரிந்துரைகளை மாத்துச்சு. அப்பவும் எங்களுக்கு ஒரு வேலி இருந்தது, காசு! மாசத்துக்கு ஒரு ஜிபி போட்டுக்கிட்டு எண்ணி எண்ணி செலவழிச்சோம். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு, வேலியும் காலி. 2020 ஜூன் 29-ல டிக்டாக்கை தடை பண்ணாங்க. பசங்க தப்பிச்சாங்கன்னு பார்த்தா ஜூலையிலேயே இங்க இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், செப்டம்பர்ல யூட்யூப் ஷார்ட்ஸ். ஷார்ட்ஸுக்கு முதல் சோதனை எலியே நாமதான்.

இதெல்லாம் பழக்க தோஷம்னு சொல்லி ஒரு இருபது வயசுப் பையன் தலையில கட்டறது என்ன நியாயம்? எதிர்ல உக்காந்து அவன் விரல் எங்க நிக்குதுன்னு அளந்துக்கிட்டு இருக்கறவன் சம்பளம் வாங்கிக்கிட்டு அதே வேலையா இருக்கான்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? முன்னாடி நான் வேலை பார்த்த ஆப்ல, எல்லாம் பார்த்து முடிச்சதும் "இன்னிக்கு இவ்வளவுதான்"னு ஒரு வரி வரும். அதைத் தூக்கிட்டு பழைய பதிவுகளையே கலைச்சுப் போட்டுக் காட்டச் சொன்னாங்க. நான்தான் எழுதினேன். பாதிப் பேருக்கு பழையது, பாதிப் பேருக்கு புதுசுன்னு விட்டுப் பார்த்தோம். புதுசுல ஜனங்க கூட நேரம் இருந்தாங்க. டீமுக்கு பீட்ஸா வந்துச்சு. நானும் ரெண்டு துண்டு சாப்பிட்டேன்.

அந்த ஒரு வரியைத் திரும்பப் போட பத்து நிமிஷம்கூட ஆகாது. வேலையை விட்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு மீட்டிங்ல கேட்டும் பார்த்தேன். "எதுக்குப்பா?"ன்னு மேனேஜர் சிரிச்சுட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டார்.