அரிசியும் பருப்பும்: புரதத்தின் தரம் பற்றிச் சில வார்த்தைகள்

ஆகாரத்தைப் பற்றிப் பேசும்போது நம் குடியானவர்கள் பெரும்பாலும் அளவையே கேட்கின்றனர். வீட்டில் எத்தனை மூட்டை நெல் இருக்கிறது என்பதே கேள்வி. ஆயினும் நெல் நிறைந்த வீடுகளிலும் வயதுக்குத் தக்க வளர்ச்சியற்ற குழந்தைகளைக் காண்கிறோம். அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் புரதத்தின் தரம் என்னும் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளுகிறேன்.

புரதம் என்பது ஒரே வஸ்து அன்று. 20 விதமான அமினோ அமிலங்கள் பலவாறு கோக்கப்பட்டு அது அமைகின்றது. அவற்றுள் 9 வகைகளை நம் தேகம் தானாக உண்டாக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். வயலில் நீர் கட்டும்போது, வரப்பின் மிகத் தாழ்ந்த இடம் எதுவோ அந்த மட்டத்துக்குமேல் நீர் நில்லாது வழிந்துவிடும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதுபோலவே, இந்த ஒன்பதில் எது தேவைக்கு மிகக் குறைந்து நிற்கிறதோ, அந்த மட்டத்துக்குத்தான் தேகத்தில் தசை முதலியன கட்டப்படும். எஞ்சியவற்றின் தழைச்சத்து யூரியாவாக மாறிச் சிறுநீரில் வெளியேறும். யூரியா மூட்டையின் விலை அறிந்த விவசாயிக்கு இந்த நஷ்டத்தை விளக்க வேண்டுவதில்லை.

அரிசியில் அந்தத் தாழ்ந்த இடம் லைசின் என்பதாகும். அரிசிப் புரதம் 100 கிராமில் லைசின் 4 கிராமுக்கும் குறைவு. 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கோ, உண்ணும் புரதம் 100 கிராமுக்கு 5.2 கிராம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. உளுந்து, பச்சைப்பயறு, துவரை இவற்றின் புரதத்தில் லைசின் 6 கிராமுக்கு மேல் உண்டு. ஆனால் கந்தகம் சேர்ந்த மெத்தியோனின் குறைவு. அரிசியிலோ மெத்தியோனினுக்குக் குறைவில்லை. ஆகவே இட்லியிலும் வெண்பொங்கலிலும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது.

1920-களில் குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் என்னும் வைத்திய நிபுணர், இந்தியாவின் பல பகுதி மக்களின் ஆகாரங்களை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறிகள் சேர்ந்த சீக்கியர் ஆகாரம் முதலிடம் பெற்றது. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண ஆகாரம் கடைசியில் நின்றது. அது புரதக் குறைவால் மட்டும் நேர்ந்ததன்று. தீட்டிய அரிசியில் வைட்டமின்களும் குறைவே. ஆயினும் அம்முடிவு நமக்குப் பெருமை தருவதன்று.

நாள்தோறும் சாம்பார் உண்கிறோமே என்று சிலர் கூறலாம். சாம்பார் என்ற பெயரால் புளித்தண்ணீரே இலைக்கு வரும் வீடுகள் உண்டு. சில நாட்களில் என் வீடும் அதற்கு விலக்கன்று. தானியம் 3 பங்குக்குப் பருப்பு 1 பங்கும் பால் 2½ பங்கும் இருத்தல் நலம் என ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது. கிராம அதிகாரிகள் ஒன்றை யோசிக்க வேண்டும்: நியாய விலைக் கடையில் 20 கிலோ அரிசி பெறும் குடும்ப அட்டைக்கும் துவரம்பருப்பு 1 கிலோதான். நிலமில்லாதார் வீட்டுக் குழந்தைகளின் நிலைமை இதிலிருந்தே விளங்கும்.

நிலமுடையோருக்கோ இக்குறை தாமே தேடிக்கொண்டதாகும். காவேரிப் பாசனப் பகுதிகளில் சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நெற்பயிரினூடே உளுந்தும் பயறும் தெளிக்கிறோம். பனியையும் எஞ்சிய ஈரத்தையும் கொண்டே ஏறக்குறைய 70 நாட்களில் அவை விளைகின்றன. களத்திலிருந்தே மூட்டைகள் வியாபாரியின் வண்டியில் ஏறிவிடுகின்றன. ஐப்பசியில் அதையே கால் கிலோ, அரைக் கிலோவாகக் கடையில் வாங்குகிறோம்.

விற்பதற்குமுன் வீட்டுப் பங்கை ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஐவர் உள்ள குடும்பத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 50 கிராம் என்றால், ஆண்டுக்கு 91 கிலோ பருப்பாகும். தோலும் குருணையும் கழிவதால் 120 கிலோ முழுப்பயறாக எடுத்துவைப்பது நலம். ரொக்கத்தின் அவசியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு நெல்லை ஒதுக்காமல் விற்பவர் நம்மில் அரியர். பருப்பை மட்டும் வெறும் விலைச்சரக்காக எண்ணுவானேன்? பாலும் அவ்வாறே, சங்கத்தில் ஊற்றுமுன் குழந்தைகளுக்கு ஒரு டம்ளர் வீட்டில் நிற்கட்டும்.

வண்டு விழும் என்ற அச்சத்தாலும் சிலர் விற்றுவிடுகின்றனர். முழுப்பயறையே வண்டு அதிகம் நாடும். பங்குனி, சித்திரை வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடைத்துப் பருப்பாக்கி, காற்றுப் புகாத டின்களில் அடைத்து வைத்தால் சேதம் பெரிதும் குறையும்.