எண்ணிச் சொல்லும் 'டெல்'

ஒருவர் மற்றொருவருக்கு ஒன்றைத் தெரிவிப்பதைக் குறிக்கும் வினைச்சொற்கள் ஆங்கிலத்திற் பல உள. அவற்றுள் 'சே', 'டெல்', 'ஸ்பீக்', 'டோக்' என்னும் நான்கும் நம் மாணவரின் நாவிலும் பேனாவிலும் நாள்தோறும் வழங்குவன. 'சொல்', 'பேசு' என்னும் இரண்டு தமிழ்ச் சொற்களைக் கொண்டே இந்நான்கிற்கும் பொருள் படித்துவிடுகிறோம். அதனாலேதான் எழுதும்போது இடர்ப்படுகிறோம். இவ்வாரம் 'டெல்' என்னும் சொல்லை மட்டும் எடுத்து ஆராய்வோம். ஆங்கிலத்தில் நான்கே எழுத்துக்களாலான இச்சிறு சொல் இலக்கணத்தோடு வாழ்க்கைக்கு வேண்டிய ஒரு பாடத்தையும் தன்னுள் வைத்திருக்கிறது.

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். 'சே' என்பது வாயிலிருந்து சொல் புறப்படுவதையே கருதுவது. கேட்பவர் இருப்பினும் இல்லாவிடினும் அதற்குக் கவலையில்லை. ஆகையால் 'ஹீ செட் தட் இட் வோஸ் லேட்' என்று நிறுத்திவிடலாம். 'டெல்' அத்தகையது அன்று. அது பெரும்பாலும் கேட்பவரையும் உடன் அழைத்துவரும். 'ஹீ டோல்ட் மீ', 'ஷீ டோல்ட் ஹெர் மதர்' என, எவருக்குச் சொல்லப்பட்டது என்பதையும் கூறினாலன்றி வாக்கியம் நிறைவு பெறாது. சொல் ஒருவரிடமிருந்து புறப்பட்டால் 'சே'. அது மற்றவரிடம் போய்ச் சேர்ந்தால் 'டெல்'. வேறுபாட்டை இவ்வாறு நினைவிற் கொள்க.

தமிழ் மாணவர் இங்கே இரண்டு இடங்களில் வழுக்கி விழுவர். 'எனக்குச் சொன்னான்' என்பதிலுள்ள நான்காம் வேற்றுமையை அப்படியே கொண்டுபோய் 'ஹீ டோல்ட் டு மீ' என்று எழுதுவது ஒன்று. இங்கே 'டு' வேண்டியதில்லை. 'ஹீ செட் டு மீ' என்பதில் அது வேண்டும். சொல்லப்பட்ட பொருள் முன்னே வந்து கேட்பவர் பின்னே வந்தால் மட்டும் 'டெல்' என்பதற்கும் 'டு' பொருந்தும். 'ஷீ டோல்ட் எ ஸ்டோரி டு த சில்ட்ரன்' என்பது பிழையற்ற வாக்கியமே.

மற்றைய வழுக்கல் ஏவலைப் பற்றியது. 'அதிபர் வரச் சொன்னார்' என்று தமிழிலே சொல்லிவிடலாம். யாரை வரச் சொன்னார் என்பது இடத்தால் விளங்கும். அதையே 'த பிரின்சிபல் டோல்ட் டு கம்' என்று எழுதினால் ஆங்கிலேயர்க்கு விளங்காது. 'டோல்ட் மீ டு கம்' என்றோ 'டோல்ட் அஸ் டு கம்' என்றோ ஏவப்பட்டவரை இடையில் நிறுத்தியே ஆகவேண்டும்.

கேட்பவரைக் குறியாமலே 'டெல்' வரும் தொடர்கள் சிலவும் உண்டு. மெய் சொல்லல், பொய் சொல்லல், கதை சொல்லல், சோதிடம் சொல்லல் ஆகியவற்றிற்கெல்லாம் 'டெல்' என்பதே உரியது. 'சே எ லை' என்று எவரும் எழுதார். ஆனால், பிரார்த்தனையைச் சொல்வதும், 'ஆம்', 'இல்லை' என்று விடை சொல்வதும் 'சே' என்பதன் பாற்படும். கடிதம், அறிவித்தற் பலகை, பத்திரிகை ஆகியன 'சொல்வதும்' பெரும்பாலும் அதுவே.

இனி இச்சொல்லின் பிறப்பைக் காண்போம். பழைய ஆங்கிலத்தில் 'டெல்லன்' என்னும் வினைக்கு எண்ணுதல், கணக்கிடுதல் என்பன பொருள்களாம். எடுத்துரைத்தல் என்னும் பொருளும் உடனிருந்தது. இதன் உறவுச் சொற்களை அயல் மொழிகளிலும் காணலாம். டச்சு மொழியில் இன்றும் 'டெல்லன்' என்றால் எண்ணுதல்; 'வெர்டெல்லன்' என்றால் கதை கூறுதல். ஜேர்மன் மொழியில் 'ட்ஸேலன்' என்பது எண்ணுவது. 'எர்ட்ஸேலன்' என்பது எடுத்துரைப்பது. பிரெஞ்சு மொழியிலோ எண்ணுதற்கும் கதை சொல்லுதற்கும் ஒரே ஒலியுடைய இரண்டு வினைகள் உள்ளன; எழுத்தில் மட்டுமே அவை வேறுபடும். அவ்விரண்டும் கணக்கிடுதலைக் குறிக்கும் ஓர் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தன. 'கம்ப்யூட்டர்' என்னும் சொல்லும் அவ்வினையின் வழித்தோன்றலே.

அந்தக் குடும்பத்துப் பிள்ளையொன்று நம் வீட்டிலும் வளர்ந்திருக்கிறது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொற்களுள் 'கந்தோர்' என்பதும் ஒன்று. அலுவலகத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லாகிய 'கந்தோர்' பிரெஞ்சிலிருந்து வந்தது. காசும் கணக்கும் எண்ணும் மேசை என்பதே அதன் பழைய பொருள். தபாற்கந்தோர், கச்சேரிக் கந்தோர் என்று நம் முன்னோர் சொல்லிய போதெல்லாம், தாம் அறியாமலே இந்த எண்ணற் குடும்பத்தின் பெயரைச் சொல்லிவந்தார்கள்.

ஆங்கிலத்திலும் அப்பழைய பொருள் முற்றாக மறைந்துவிடவில்லை. வங்கியிற் காசு எண்ணிக் கொடுப்பவருக்கு 'டெல்லர்' என்று பெயர். பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் வாக்கெடுப்பு நிகழும்போது, பக்கத்துக்கு இருவராக நின்று வாக்குகளை எண்ணும் உறுப்பினரும் 'டெல்லர்' எனப்படுவர். செபமாலையின் மணிகளை ஒவ்வொன்றாக உருட்டிச் செபிப்பதற்கும் இவ்வினை வரும். 'ஓல் டோல்ட்' என்றால் எல்லாம் எண்ணி முடித்த மொத்தம். 'அன்டோல்ட் வெல்த்' என்றால் எண்ணிலடங்காச் செல்வம். அதனைச் 'சொல்லப்படாத செல்வம்' என்று மொழிபெயர்த்தால் நகைப்புக்கே இடமாகும். 'டெல் ஓவ்' என்பது படைவீரரை எண்ணிப் பிரித்துக் கடமைக்கு அனுப்புவதைக் குறித்தது; இன்று கடிந்துகொள்வதற்கே பெரிதும் வழங்குகிறது.

கதை என்னும் பொருளுடைய 'டேல்' இவ்வினையின் உடன்பிறப்பு. அதற்கும் தொகை என்னும் பழைய பொருளுண்டு. 1611 இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், எகிப்தில் அடிமைகள் செய்து கொடுக்கவேண்டிய செங்கற்களின் தொகை 'டேல்' எனப்படுகிறது. வானத்து நட்சத்திரங்களை எண்ணிப் பார் என்று ஆபிரகாமுக்குக் கூறும் இடத்தில் 'டெல்' என்னும் வினையே நிற்கிறது. மில்டன் 'லலெக்ரோ' என்னும் பாட்டில் இடையரின் காலைப்பொழுதைப் பாடுமிடத்தில் இவ்விரு சொற்களையும் சேர்த்தே வழங்குகிறார். அங்கே இடையர் கதை பேசுகின்றனரா, ஆடுகளின் தொகையை எண்ணுகின்றனரா என்று உரைகாரர் இருவேறு கருத்துடையர். ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் இதை மனத்திற் கொள்வது நன்று.

'டெலிபோன்', 'டெலிவிஷன்' என்பவற்றின் தலையில் நிற்கும் 'டெலி' இச்சொல்லின் உறவு அன்று என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் வேண்டும். அது தொலைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

எண்ணுகின்றவன் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய வேண்டுமன்றோ? 'டெல்' என்பதற்கு அறிதல், வேறுபடுத்தல் என்னும் பொருள்களும் உண்டு. குழந்தை மணிக்கூட்டைப் பார்த்து நேரம் அறியக் கற்பதும், இரட்டையரை இன்னார் இன்னார் என்று இனங்காண்பதும் 'டெல்' என்பதே. ஆதலால் 'ஐ கான்ட் டெல்' என்று ஒருவர் விடையளித்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்று வருந்தவேண்டாம். 'எனக்குத் தெரியவில்லை' என்பதே பெரும்பாலும் அதன் கருத்து. சொல்ல மறுப்பவர் 'ஐ வோண்ட் டெல்' என்பார். கடுமையான உழைப்பு ஒருவரின் உடல்நலத்தைத் தாக்கித் தன் அடையாளத்தைக் காட்டினால் அதற்கு 'டெல் ஓன்' என்பர். ஒருவன் மற்றொருவனைப் பற்றி ஆசிரியரிடம் கோள்மூட்டினாலும் அதே தொடர்தான். எது பொருந்தும் என்பதை இடம்நோக்கி உணர்க.

எண்ணுதலும் சொல்லுதலும் ஒரே சொல்லில் ஒன்றிநிற்பது தற்செயல் அன்று. ஆடுகளை எண்ணுபவன் ஒன்றை விட்டுவிட்டாலும் கணக்குப் பிழை. ஒன்றை இருமுறை எண்ணினாலும் பிழை. நிகழ்ந்ததை எடுத்துச் சொல்பவனுக்கும் அதுவே விதி. குறைத்தலும் ஆகாது; கூட்டலும் ஆகாது. நம் தமிழிலும் இக்கருத்து இல்லாமற் போகவில்லை. பாடத்தை 'ஒப்புவித்தல்' என்கிறோம். பொருளை உரியவர் கையிற் சேர்ப்பிப்பதற்கும் அதே சொல்தான். வாங்கியதை வாங்கியபடியே திருப்பிக் கொடுப்பதுதான் இரண்டிலும் கடமை.

வீட்டில் நிகழக்கூடிய ஒன்றை எண்ணிப் பாருங்கள். வைத்தியசாலையிலிருந்து பாட்டிக்கு மருந்து வாங்கி வருகிறான் பேரன். 'மருந்தைக் கொடுக்கச் சொன்னார்கள்' என்று சொல்லிவிட்டு விளையாட ஓடுகிறான். எத்தனை குளிசை, எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்ற எண்ணிக்கைகள் எல்லாம் வழியிலே உதிர்ந்துவிட்டன. அவன் சொன்னது 'சே'. அவன் சொல்லியிருக்க வேண்டியது 'டெல்'. பின்னர்ப் பாட்டிக்கு ஒரு தீங்கு நேருமாயின், 'நான் அப்போதே சொன்னேனே' என்று அவன் சாதிப்பதால் யாது பயன்? கைத்தொலைபேசியில் ஒரு வரி அனுப்பிவிட்டு, 'அறிவித்துவிட்டேன்' என்று நிறைவு கொள்ளும் பெரியோருக்கும் இது பொருந்தும். செய்தி புறப்பட்டதா என்பதோடு, அது முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்க்கவேண்டும். 'எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே' என்னும் குறை பல குடும்பங்களில் எழுவது இதனாலன்றோ?

இனி, மாணவர்க்கு ஒரு சிறு பயிற்சி. பின்வரும் வாக்கியங்களை ஆங்கிலப்படுத்துங்கால் 'சே' வருமா, 'டெல்' வருமா என்று கூறுக.

1. தம்பி பொய் சொன்னான்.
2. ஆசிரியர் எங்களை எழுதச் சொன்னார்.
3. 'இங்கே குப்பை போடாதீர்' என்று பலகை சொல்கிறது.
4. அசலையும் போலியையும் என்னாற் பிரித்தறிய முடியவில்லை.
5. அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் 'சே'. ஏனைய மூன்றிற்கும் 'டெல்'. ஐந்தும் சரியாக வந்தவர்கள், ஒவ்வொன்றிற்கும் காரணத்தையும் வீட்டிலுள்ள இளையவர்களுக்கு ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்வார்களாக.