மறைவும் உரிமையும்

கண்டுபிடிப்பாளர் தம் புனைவிற்குக் காப்புரிமை கோருவது தன்னலம் என்பர் சிலர். அறிவு உலகப் பொதுவன்றோ? அதற்கு ஒருவர் வேலியிடுதல் முறையோ? இவ்வினா நேரியதே. ஆயினும், வேலியினும் கொடியது ஒன்று உண்டு, அது மறைவு.

16ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து இங்கிலாந்தில் குடியேறியது சேம்பர்லென் குடும்பம். அக்குடும்பத்து மருத்துவர்கள், பேற்றின்போது தடைப்பட்ட குழந்தையை உயிருடன் எடுக்க உதவும் இடுக்கி ஒன்றை உருவாக்கினர்; அதனைப் பிறர் அறியாது மறைத்தனர். பெட்டியில் மூடி எடுத்துச் செல்வர் என்றும், தாயின் கண்களைக் கட்டுவர் என்றும் கூறுவர். தலைமுறை தலைமுறையாக, 100 ஆண்டுகளுக்கு மேல் அம்மறைவு நீடித்தது. அவர்களை அழைக்க இயலாத இல்லங்களில், பிழைத்திருக்கக்கூடிய தாயரும் சேயரும் மாண்டனர். 1813இல், எசெக்ஸ் பகுதியில் அக்குடும்பத்தார் வாழ்ந்த வீட்டின் தரைப்பலகைக்கு அடியில் அவ்விடுக்கிகள் கண்டெடுக்கப்பட்டன.

இத்தகைய மறைவிற்கு மாற்றான உடன்படிக்கையே காப்புரிமை. விண்ணப்பிப்பவர், தம் புனைவு புதியது, துறையறிந்தார்க்கும் எளிதில் தோன்றாதது, தொழிலுக்குப் பயன்படுவது எனக் காட்டுதல் வேண்டும். துறையறிந்தார் படித்துத் தாமே செய்யுமாறு விளக்கி எழுதுதலும் வேண்டும். அவ்விளக்கம் வெளியிடப்படும். அதற்கு ஈடாக, நம் நாட்டில் விண்ணப்பித்த நாள்முதல் 20 ஆண்டுக்காலத்திற்கு, அவர் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்து விற்றலைத் தடுக்கும் உரிமை அவருக்குக் கிட்டும். அதன்பின் அது பொதுச்சொத்து.

உரிமை வேண்டாப் பெருந்தகையாரும் உளர். 1895இல் எக்ஸ் கதிர்களைக் கண்ட ஜெர்மானியப் பேராசிரியர் ராண்ட்ஜன், காப்புரிமை கோராது அவற்றை உலகிற்கு வழங்கினார். ஆனால், கைப்பொருளைச் செலவிட்டுப் பட்டறையில் பல்லாண்டு உழைப்பவரிடம் அத்துறவை எதிர்பார்த்தல் அறமன்று. உழைப்பின் பயனை மறுத்தால் அவரும் மறைக்கவே முற்படுவார்.

உரிமை எல்லை மீறலாகாது என்பதும் உண்மையே. மருந்தின் விலை மக்களுக்கு எட்டாததாயின், பிறரும் அதனைச் செய்ய இசைவளிக்க நம் சட்டம் இடந்தருகிறது. 2012இல் புற்றுநோய் மருந்து ஒன்றிற்கு அவ்வாறே இசைவளிக்கப்பட்டது. வேலிக்கு வாயில் உண்டு. மறைவிற்கோ வாயில் இல்லை.

மாணவர்களே, நாளை நீங்கள் புதியதொன்றைக் காணின், முறைப்படி உரிமை கோருங்கள்; மனம் விழைந்தால் உலகிற்கே வழங்குங்கள். எதனைச் செய்யினும், தரைப்பலகைக்கு அடியில் மட்டும் வையாதீர்கள்.