“இன்னும் வரேல்லையோ?”

கனடாவின் ஸ்காபரோவில் என் தங்கையின் மகன் இருப்பது ஒரு பேஸ்மென்ட் வீட்டில். அவனுடைய அலுமாரியில் பெண்களுக்கான குளிர்கால ஜக்கற் ஒன்று தொங்குகிறது. விலைச்சீட்டு இன்னும் கழற்றப்படவில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் மலிவு விற்பனையில், அவனுடைய மனைவி வந்திறங்கும் நாளுக்கென்று வாங்கியது. அவள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. கலியாணமாகி இது மூன்றாவது வருடம்.

அவன் இரவு வேலை முடித்து ஒரு மணிக்கு வீட்டுக்கு வருவான். கோடைகாலத்தில் அந்த நேரம் அங்கே காலை பத்தரை, பள்ளிக்கூட இடைவேளை. இருவருக்கும் கிடைப்பது அந்த இருபது நிமிடம். நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளுவார்கள். அதன்பிறகு அவன் வீட்டுக்கு வரும்போது அவள் வகுப்பறையில் நிற்பாள். மார்ச் வரைக்கும் அந்த இருபது நிமிடமும் இல்லை.

கோயிலிலும் பிறந்தநாள் கொண்டாட்டத்திலும் கடைத்தெருவிலும் அவனைக் காணும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “பெஞ்சாதி இன்னும் வரேல்லையோ?” கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் கேட்டுவிட்டு ரோல்ஸ் எடுக்கப் போய்விடுகிறார். இப்போது அவன் கொண்டாட்டங்களுக்கு வருவதைக் குறைத்துவிட்டான். துணைவரைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பொன்சர் பைல் தாமதமாவதை நாம் அவரவர் தலைவிதியாகவும் அவரவர் வீட்டுப் பிரச்சினையாகவும் பார்த்துப் பழகிவிட்டோம். இந்தத் தாமதத்தில் ஒரு பங்கு ஒட்டாவாவில் உண்டாகிறது. இன்னொரு பங்கு எங்கள் சாப்பாட்டு மேசைகளில் உண்டாகிறது. இரண்டையும் சேர்த்துப் பேசினால்தான் பேச்சு நேர்மையாக இருக்கும்.

முதலில் அரசின் பங்கு. கணவன் அல்லது மனைவியை அழைக்கும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றைப் பன்னிரண்டு மாதத்துக்குள் முடிப்போம் என்று 2016 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. நல்ல வாக்குறுதி. ஆனால் ஒவ்வொரு வருடமும் எத்தனை பேரை உள்ளே எடுப்பது என்று அதே அரசு ஒரு எண்ணையும் நிர்ணயிக்கிறது. துணைவர்கள், பிள்ளைகள் என்ற பிரிவுக்கு 2024 இல் அந்த எண் 82,000. 2025க்கு 70,000 ஆகக் குறைத்தார்கள். கலியாணங்கள் அந்தக் கணக்குக்கு ஏற்பக் குறையவில்லை. வாசல் ஒடுங்கினால் வரிசை நீளும். உள்ளே இருக்கும் அதிகாரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்கை அவரால் மாற்ற முடியாது.

மொன்றியலில் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். கியூபெக் மாகாணம் 2024 ஜூன் மாதக் கடைசியிலிருந்து இரண்டு வருடத்துக்குக் குடும்ப அழைப்பு விண்ணப்பங்களை 13,000 ஆக மட்டுப்படுத்தியது. அதில் துணைவர்களுக்கும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட தங்கி வாழும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கியது 10,400. ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ் கலியாணம் செய்த இரண்டு சகோதரர்கள். ஒருவன் ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் இருக்கிறான், மற்றவன் மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்ஷனில். இருவரின் மனைவிமாரும் ஒரே நாளில் விண்ணப்பித்தாலும் ஒரே நாளில் வந்து சேரமாட்டார்கள்.

எண்களுக்குள் அடங்காத ஒரு தாமதமும் உண்டு. அதைப் பற்றி எங்கள் வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறோம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் வாழ்ந்தவர்களின் பைல்கள் பாதுகாப்புப் பரிசோதனையில் போய் நின்றுவிடுகின்றன. 2006 இல் விடுதலைப் புலிகள் இயக்கத்தைக் கனடா தடைப்பட்டியலில் சேர்த்தது. அந்த மண்ணில் கடை வைத்திருந்தவனும், கட்டாய ஆட்சேர்ப்பில் பிடிபட்ட பதினேழு வயதுப் பிள்ளையும், யாரென்று பிரித்துப் பார்க்கப்படும் வரை காத்திருக்கிறார்கள். ஒரு நாடு தன் பாதுகாப்பைப் பார்க்கத்தான் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரியை வருடக்கணக்காக அனுப்பிக்கொண்டிருப்பதைப் பாதுகாப்பு என்று ஏற்க முடியாது. எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எப்போது அடுத்த பார்வை என்ற இரண்டையும் சொல்வதால் எந்த இரகசியமும் வெளியே போகாது. தாமதம் அரசின் பக்கத்தால் வந்தது என்றால், பன்னிரண்டு மாதத்தில் காலாவதியாகும் மருத்துவப் பரிசோதனையைத் திரும்பச் செய்யும் செலவையும் அரசே ஏற்க வேண்டும். இவை இரண்டும் பேராசைக் கோரிக்கைகள் இல்லை.

கேட்பதற்கு வழிகள் இருக்கின்றன. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஐந்து டொலர் கட்டினால், துணைவரின் ஒப்புதல் கையெழுத்தோடு, அதிகாரிகள் பைலில் எழுதிவைத்த குறிப்புகளைப் பெறலாம். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகம் குடிவரவுத் திணைக்களத்திடம் நேரடியாக விசாரிக்க முடியும். அதற்கும் ஒப்புதல் படிவம் வேண்டும். தாமதம் நியாயமான எல்லையைத் தாண்டிவிட்டது, அதற்கு நாங்கள் காரணமில்லை, திணைக்களம் ஏற்கத்தக்க விளக்கமும் தரவில்லை என்று காட்ட முடிந்தால், ‘முடிவை எடு’ என்று உத்தரவிடும்படி மத்திய நீதிமன்றத்தைக் கேட்கலாம். விசா கொடு என்று நீதிமன்றம் சொல்லாது, ஆம் அல்லது இல்லை என்று ஒரு முடிவைச் சொல் என்றுதான் சொல்லும். இரவில் நித்திரை கொள்ளாதவனுக்கு அந்த முடிவே பெரிய விஷயம்.

இனி எங்கள் மேசைக்கு வருவோம். இங்கேதான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன். ஏனென்றால் இதைத் திருத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பெயரிலிருந்து தொடங்கலாம். தமிழில் ஒரே பெயர்தான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை மொழிபெயர்த்தவர் ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதியிருப்பார். பாஸ்போர்ட் அலுவலகம் வேறு விதமாக எழுதியிருக்கும். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னால் இருக்கும், விவாகப் பதிவில் பின்னால் இருக்கும். எங்களுக்கு அது ஒரே ஆள். தமிழ்ப் பெயரமைப்பு தெரியாத ஒருவருக்கு அது நான்கு ஆள். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழோடு நிற்கிறார்கள். இவை ஒன்றும் எங்கள் குற்றமில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் திருத்த வேண்டியதைத் திருத்தி, திருத்த முடியாததற்கு ஒரு சத்தியக் கடதாசியும் விளக்கக் கடிதமும் வைத்தால், நடுவில் வரும் கேள்விக் கடிதம் ஒன்றாவது குறையும். கட்டாரிலோ சவூதியிலோ தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் தரவேண்டும். அது பிறகு பார்க்கலாம் என்று விடும் விஷயமில்லை.

அடுத்தது எழுத்து, அதாவது விவாகப் பதிவு. எங்களில் பலர் எழுத்தை முதலில் வைத்துவிட்டு, “ஸ்பொன்சர் சரிவரட்டும், தாலிகட்டைப் பிறகு பார்ப்பம்” என்று தள்ளிப்போடுகிறோம். காரணம் எங்களுக்கு விளங்கும். பணம் சேரவேண்டும், எல்லாரும் கூடவேண்டும், விசா சரிவராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. ஆனால் பைலைத் திறக்கும் அதிகாரிக்குத் தெரிவது ஆறு பேர் நிற்கும் ஒரு படம். தாலி கட்டினால்தான் இவர்கள் மரபில் கலியாணம் முழுமை என்பது அவருக்குத் தெரிந்திருந்தால், சந்தேகம் இன்னும் கூடும். பெற்றார் வந்தார்களா, எத்தனை பேர் வந்தார்கள், விருந்து நடந்ததா, யார் பேசி முடித்தது என்று படிவமே கேட்கிறது. 2010 செப்டெம்பர் வரை, கலியாணம் உண்மையானதல்ல என்பதும் அது குடிவரவு நோக்கத்துக்காகவே நடந்தது என்பதும் இரண்டும் சேர்ந்தால்தான் நிராகரிப்பு. அந்த மாதத்தில் ‘மற்றும்’ என்ற சொல் ‘அல்லது’ ஆனது. இப்போது ஒன்றே போதும். ஒரு சொல் மாறியதில் எத்தனை வீட்டுப் பேச்சுத் திருமணங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தன! ஆகவே ஏன் தள்ளிப்போட்டோம் என்பதை, வெட்கப்படாமல், விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள்.

என் தங்கை மகனின் பைல் நின்றது இதில் எதனாலும் இல்லை. அவள் கொழும்பில் ஒரு பயிற்சிக்காக நான்கு மாதம் தங்கியிருந்தாள். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் அந்த நான்கு மாதத்தை விட்டுவிட்டார். வாழ்க்கை வரலாற்றுப் பத்தியில் ஒரு மாதம்கூட இடைவெளி இருக்கக்கூடாது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து விளக்கம் கேட்டு, முப்பது நாள் தவணையில் கடிதம் வந்தது. அது வந்தது நிரப்பியவரின் மின்னஞ்சலுக்கு. அவர் அதைத் திறந்து இவனைக் கூப்பிட்டபோது நான்கு நாள் மிச்சம். அன்றிரவு ஒரு மணிக்கு அவன் என்னை எழுப்பினான். “மாமா, இனி அவளுக்கு என்னத்தைச் சொல்லுறது?” என்றான். கொழும்பில் தங்கியிருந்த வீட்டுக்காரரின் கடிதத்தை எடுக்க, அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு அன்று பின்னேரமே பஸ் ஏறினாள்.

காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல இங்கே சட்டத்தரணிகளுக்கும், ஒன்ராறியோவின் சட்டச் சங்கத்தில் பதிந்த பரலீகல்களுக்கும், கியூபெக்கின் நொத்தாரிசுகளுக்கும், 2021 நவம்பரில் செயற்படத் தொடங்கிய குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பின் உரிமம் பெற்றவர்களுக்கும்தான் அனுமதி. பெயரைத் தட்டிப் பார்க்கப் பொதுப் பதிவேடு இருக்கிறது. ஊரில் ஏஜென்சி என்று பலகை போட்டவருக்கு இந்தப் பொறுப்பு எதுவும் இல்லை. யார் நிரப்பினாலும் விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கையெழுத்து வைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் தம்பதி இருவரும் தனித்தனியே வாசியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. “பாவம், ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டால் போதும்” என்று காகிதக் கலியாணங்களுக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவர்கள் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். அதை இரக்கம் என்று நினைத்தோம். அந்த ஒவ்வொரு கையெழுத்துக்குமான சந்தேகத்தை, இன்று உண்மையாகக் கலியாணம் செய்தவர்கள் தங்கள் நாட்களால் கட்டுகிறார்கள். சாட்சி வைக்கக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லும் துணிவு எங்களுக்கு வேண்டும்.

காத்திருப்பவர்களின் வாழ்க்கையும் எங்கள் கையில்தான் இருக்கிறது. எழுத்து முடிந்த உடனே “இனிக் கனடாதானே, வேலை எதுக்கு” என்று பெண்ணின் வேலையை விடவைப்பது எங்கள் ஊர் வழக்கமாகிக்கொண்டு வருகிறது. மூன்று வருடம் வேலையும் இல்லாமல், புருஷனும் பக்கத்தில் இல்லாமல், மாமியார் வீட்டிலா தாய் வீட்டிலா என்று தெரியாமல் ஒரு பிள்ளையை வைத்திருப்பது கொடுமை. சுன்னாகத்துப் பிள்ளை வேலையை விடவில்லை. அவளை இன்றுவரை நிமிர்ந்து நிற்க வைத்திருப்பது அந்தப் பள்ளிக்கூடம்தான். பணம் அனுப்புவதிலும் ஒரு மாற்றம் வேண்டும். வங்கியை விட்டு உண்டியலில் அனுப்பினால் நாணயமாற்றில் கொஞ்சம் மிஞ்சும், ஆனால் ரசீது மிஞ்சாது. குடும்பத்தைத் தாங்குகிறான் என்பதற்கு வங்கிச் சீட்டைவிடப் பேசும் சாட்சி வேறில்லை.

விசிற் விசாவில் இங்கே வந்து, உள்ளிருந்தே விண்ணப்பித்துக் காத்திருக்கும் பெண்களை நாம் கவனிப்பதே இல்லை. கையில் சுகாதார அட்டை இல்லாமல் பிள்ளைத்தாய்ச்சியாக இருப்பவள் ஆஸ்பத்திரிச் செலவை நினைத்தே டொக்டரிடம் போகமாட்டாள். ஒன்ராறியோவில் வசிப்பவருக்கு அட்டை இல்லாவிட்டாலும் மருத்துவிச்சியின் பராமரிப்பு இலவசம். சமூக சுகாதார நிலையங்களும் அட்டை இல்லாதவர்களைப் பார்க்கின்றன. இதை அவளுக்கு யார் சொல்வது? பக்கத்து வீட்டில் இருக்கும் அக்காதான் சொல்லவேண்டும்.

எங்கள் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் மண்டபங்கள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு இராப்போசன விருந்து வைக்க முடிந்த சங்கத்தால், மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஒரு மேசையும் உரிமம் பெற்ற ஒருவரையும் வைக்க முடியும். படிவத்தில் இடைவெளி இருக்கிறதா, பெயர் ஒத்துப்போகிறதா, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க அரை மணித்தியாலம் போதும். தேர்தல் நேரத்தில் பொன்னாடை போர்த்தும் நாங்கள், அதே வேட்பாளரிடம் துணைவர் எண்ணிக்கை 82,000 இலிருந்து 70,000க்கு இறங்கியது பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன என்று கேட்கலாம். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் எங்கள் ஆட்கள், ஊருக்குப் போய் மனைவியோடு மூன்று கிழமை நின்றுவர லீவு கேட்கும் பொடியனின் கடிதத்தைக் கடைசியில் வைக்காமல் முதலில் எடுக்கலாம். அந்த மூன்று கிழமையின் விமானச் சீட்டும் படங்களும் அவனுடைய பைலுக்கும் வலு.

போன கிழமை அவளுக்குச் செய்தி வந்தது. மருத்துவப் பரிசோதனையின் ஒரு வருடம் முடிந்துவிட்டதால் திரும்பச் செய்ய வேண்டும். வெள்ளி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறாள். இம்முறை அவளோடு துணைக்குப் போவது அவளுடைய பள்ளிக்கூட அதிபரம்மா. அவ தன் கணவனுக்காக எண்பதுகளின் கடைசியில் நான்கு வருடம் காத்திருந்தவ. “நீ தனியப் போகாதை பிள்ளை, நானும் வாறன்” என்று சொன்னாவாம்.