நகல் இருக்கிறது, ஒப்பிட்டீர்களா?

என் வயதுக்காரர்களில் கணினி வைத்திருப்பவர்கள், "பேக்கப் எடுத்து வைத்துவிட்டேன்" என்று நிம்மதியாகச் சொல்கிறார்கள். அதிலிருந்து ஒரு தடவையாவது மீட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒப்புக்கொள்வதில்லை.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். அலுவலகத்தில் ஒருவர் மூலத்தை வாசிப்பார், இன்னொருவர் நகலைப் பார்ப்பார். 'ஒப்பிட்டேன்' என்று கையெழுத்து விழுந்த பிறகுதான் அது நகல். அதுவரை வெறும் காகிதம். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் கெட்டி. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேட்டை இரண்டு படியாக எழுதி ஒன்றை மேரியிலும் மற்றதை நீதிமன்றத்து கிரெஃபிலும் வைப்பார்கள். காலனி என்றால் மூன்றாவது படி கப்பலில் பிரான்சுக்குப் போகும். 1776-லேயே அதற்கு அரசாணை. நம்மூர்ப் பெரியவர்களின் பெயர்கள் இன்றும் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் கிடைப்பது அப்படித்தான்.

இத்தனை தெரிந்தும் நான் ஏமாந்தேன்.

என் கணினியில் லினக்ஸ். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். லினக்ஸ் ஒரு பார்ட்டிஷனிலும், என் கோப்புகள் 'ஹோம்' என்ற தனிப் பார்ட்டிஷனிலும் இருந்தன. (பிரெஞ்சில் பார்த்திஸியோன் என்றால் வாத்தியக்காரர் முன்னால் வைக்கும் இசைத்தாளும்கூட.) பார்ட்டிஷன் புழக்கத்தில் இருக்கும்போது படி எடுக்கக்கூடாது. ஆகவே க்ளோன்ஸில்லாவைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, டிஸ்க் முழுவதையும் இமேஜாக வெளி டிஸ்க்கில் சேமித்தேன். அது நிரம்பிய இடத்தை மட்டுமே எடுக்கும் என்பதால் எல்லாம் 70 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. இமேஜ் மீட்கத்தக்கதா என்று க்ளோன்ஸில்லாவே சோதிக்கும், அதிலும் தேறியது. பீரோவில் வைத்துப் பூட்டினேன். மூன்று வருஷம் தொடவில்லை.

போன ஆடியில் ஹார்ட் டிஸ்க் செத்தது. 70 ஜிபிதானே என்று 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினேன். க்ளோன்ஸில்லா மறுத்துவிட்டது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டல்ல. மூலப் பார்ட்டிஷனைவிடப் போகும் இடம் சிறியதாக இருக்கக்கூடாது. கடைக்காரப் பையன் பார்த்துவிட்டு, "எல்லாம் போச்சு சார், புதுசா இன்ஸ்டால் பண்ணிடலாம்" என்றான்.

அந்த 'எல்லாம்' என்பதில் என் மனைவி பேரனுக்காகப் பேசிப் பதிந்த பதினோரு ஒலிக்கோப்புகள் இருந்தன. அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது.

பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் படித்துப் பார்த்ததில் வழி தெரிந்தது. மருமகனிடம் 1 டிபி டிஸ்க் இரவல் வாங்கி அதில் மீட்டேன், மறுக்காமல் வந்தது. பிறகு ஜிபார்ட்டட் கொண்டு ஹோம் பார்ட்டிஷனை 150 ஜிபியாகச் சுருக்கி, மறுபடி இமேஜ் எடுத்து, எஸ்எஸ்டியில் அதே அளவுக்கு இடம் பிரித்து இறக்கினேன். கிரப் என்ற தொடக்க நிரலையும் திரும்ப நிறுவ வேண்டியிருந்தது. இமேஜுக்குப் பிறகு சேர்ந்த மூன்று வருஷக் கோப்புகள் போனது போனதுதான். அதற்கு நானே பொறுப்பு.

இதற்கெல்லாம் 'டிடி' கட்டளையே போதும் என்று சிலர் சொல்வார்கள். எங்கிருந்து, எங்கே என்பதை மாற்றிக் கொடுத்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் நல்ல டிஸ்க்கை அழித்துவிடும். கண்ணாடியைத் தேடிக்கொண்டே தட்டச்சு செய்கிற நமக்கு அது வேண்டாம்.

இரவல் டிஸ்க்கை நான் திருப்பித் தரவில்லை. மருமகனுக்குப் புதிது வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது இமேஜ் எடுத்து, அதை இந்த டிஸ்க்கில் மீட்டு, பதினொன்றில் ஒன்றைத் திறந்து கடைசிவரை கேட்கிறேன். பிறகு பெட்டியின் மேல் தேதி போட்டு, 'ஒப்பிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன்.