பேசுகிறது, அதனால் சுகமாயிருக்கிறது என்கிறார்கள்

கிளி பேசினால் அது சந்தோஷமாக இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். 'ஆயா' என்று கூப்பிடுகிறது, 'சாப்ட்டியா' என்று கேட்கிறது, குக்கர் விசிலை அச்சு அசலாக அடிக்கிறது. அப்புறம் அதற்கு என்ன குறை? கூண்டில் தண்ணீர் இருக்கிறது, கொய்யாப்பழம் இருக்கிறது, பருந்து தூக்கிப் போகாது, பாம்பு அண்டாது. இப்படிச் சொல்பவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. கிளியின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் அவர்கள் சொல்வது தப்பு. கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்களில்கூட இப்போது ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளியின் விஷயத்தில் அது முழுத் தப்பு.

'கிரே' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். உடம்பு சாம்பல், வால் மட்டும் குங்குமச் சிவப்பு, எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. விலை ஒரு கறவை மாட்டை வாங்கிவிடலாம் என்கிற அளவுக்கு. இது ஏன் இங்கே வந்தது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. நம் பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் பறவை. இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதற்கு 1990-91இலேயே முழுத் தடை வந்துவிட்டது. ஆனாலும் அதை வீட்டில் வைப்பது குற்றம் என்று பலருக்கு உறைத்தது அண்மையில்தான். 2023 பிப்ரவரியில் நடிகர் ரோபோ சங்கர் வீட்டில் இருந்த இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துக்கொண்டு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அடுத்த ஆண்டு, மக்களவைத் தேர்தல் நேரத்தில், பக்கத்துக் கடலூரில் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு ஜோசியக் கிளி சீட்டு எடுத்துக் கொடுத்தது. வெற்றி உங்களுக்குத்தான் என்றார் ஜோசியர். வீடியோ பரவியதும் வனத்துறை வந்து கிளிகளைப் பறிமுதல் செய்தது, ஜோசியரையும் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டது. (சீட்டும் பலிக்கவில்லை.) ஏழை ஜோசியரைப் பிடித்தது சரியா என்று ஊர் இரண்டு பட்டுப் பேசியது. அந்தச் சத்தத்தில் ஒரு பாதிச் செய்திதான் நம் காதில் விழுந்தது: பச்சைக்கிளி வைத்தால் வம்பு. மீதியை விற்பவர்கள் நிரப்பினார்கள்: வெளிநாட்டுக் கிளி என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை.

பிரச்சினை இருக்கிறது. பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் 2016இல் கூடி, இந்தக் கிளியை உச்சப் பாதுகாப்புக்குரிய முதல் பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. காரணம் எளிது. 1975இலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்ட கிளிகளைக் காட்டில் பிடித்து, கணக்குக் காட்டியே ஏற்றுமதி செய்திருந்தார்கள். பிடிக்கும்போதும் பெட்டியில் அடைத்து அனுப்பும்போதும் செத்தவை அந்தக் கணக்கில் இல்லை. கானா நாட்டில் 1992க்குப் பிறகு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துபோயின. இந்தியாவும் 2022இல் சட்டத்தைத் திருத்தி சைட்டிஸ் பட்டியலை நான்காம் அட்டவணையாகச் சேர்த்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கை மாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். முதல் பட்டியல் கிளியைக் குஞ்சு பொரிக்கவைத்து விற்பவருக்குத் தனி உரிமம் வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். காகிதமெல்லாம் சரியாக வைத்திருக்கும் வீட்டிலும் நான் சொல்லும் தப்பு நடக்கிறது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் சாமையும் தினையும் விதைக்கிற மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கும், அடிவாரத்தில் கச்சிராயபாளையம், சின்னசேலம் வட்டாரத்தில் மக்காச்சோளம் போட்டிருப்பவர்களுக்கும் கிளி என்றாலே எரிச்சல். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வந்து இறங்கும். பாதி தின்னும், பாதியைக் கொத்திக் கீழே போடும். தகரத்தைத் தட்டியும் கவண் வீசியும் விரட்டுவார்கள். கிளியைச் செல்லம் கொஞ்சாத இந்த மனிதர்களுக்குத்தான் கிளியைப் பற்றிச் சரியாகத் தெரியும். கொல்லைக்குத் தனிக்கிளி வந்து அவர்கள் பார்த்ததில்லை. பத்து வரும், முப்பது வரும். பறக்கும்போதே கத்திக்கொண்டு வரும், ஒன்று கத்தினால் இன்னொன்று பதில் கொடுக்கும், இறங்கிய பிறகும் மரத்துக்கு மரம் சத்தம் ஓயாது. 'நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே' என்கிற சத்தம் அது. கிளிக்கு வாழ்க்கை என்பதே அந்தக் கேள்வியும் பதிலும்தான். டவுனில் வளர்க்கிறவர்களுக்கோ ஒற்றைக் கிளியை மட்டுமே தெரியும்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இதில் இன்னும் ஒரு படி மேல். காங்கோ படுகைக் காடுகளில் இவை அடையும் மரங்களில் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்தைத் தாண்டி, ஒன்றாக ராத்தங்கும். அதற்குள் சோடி, குடும்பம், அறிந்த குரல், அறியாத குரல் எல்லாம் உண்டு. அந்தக் காட்டில் அது மற்றப் பறவைகளின் குரலையும் கொஞ்சம் பிடித்துப் பாடும் என்பது பதிவாகியிருக்கிறது. ஆக, பிறர் குரலைப் பிடிப்பது அதன் சுபாவம். அதை நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட பறவையைக் கூட்டத்திலிருந்து பிரித்து, மூன்று மனிதர்களும் ஒரு டிவியும் இருக்கிற வீட்டில் வைத்தால் என்ன செய்யும்? அங்கே கிடைக்கிற குரலைப் பிடித்துக்கொண்டு கூப்பிடும். அதற்குத் தெரிந்த ஒரே வழி அது. 'சாப்ட்டியா' என்று அது கேட்கிற கேள்வியை நாம் குசலம் என்று எடுத்துக்கொள்கிறோம். அது கூட்டத்தைத் தேடுகிற குரல். பதில் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம்.

மிளகாய் தின்றால் பேச்சு வரும் என்பார்கள். பறவைக்குக் காரமே உறைக்காது. அதன் குரல் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற இடத்தில், நெஞ்சுக்குள், பிறக்கிறது. நாக்கு அந்தச் சத்தத்தை வளைத்துக் கொடுக்கிற துணை மட்டும்தான். பேச்சு வருவது மிளகாயால் இல்லை, பேச வேறு ஆள் இல்லாததால்.

இது வெறும் இரக்கப் பேச்சு இல்லை. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இந்தக் கிளிகளின் ரத்தத்தை எடுத்து, குரோமோசோம் நுனிகளில் இருக்கும் டெலோமியர் என்ற காப்பு முனையை அளந்தார்கள். வயது ஏற ஏறக் குறைகிற சமாச்சாரம் அது. சோடியோடு வளர்ந்த கிளிகளைவிடத் தனியே வளர்ந்த கிளிகளுக்கு அது குட்டையாக இருந்தது. தனிமை செல்லுக்குள் போய்த் தேய்க்கிறது. 2020இல் வந்த இன்னொரு ஆய்வில், தனக்கு ஒரு பலனும் இல்லை என்று தெரிந்த நிலையிலும், பக்கத்துக் கூண்டிலிருக்கும் கிளிக்குத் தீனி கிடைக்கட்டும் என்று இந்தக் கிளிகள் தம் கையிருப்பு வில்லையை எடுத்து நீட்டின. கொடுக்க ஆளில்லாத வீட்டில் அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்?

அலெக்ஸ் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் 1977இல் கடையில் வாங்கிய கிளி. நிறம் சொல்லும், வடிவம் சொல்லும், ஆறு வரை எண்ணும். முப்பத்தோரு வயதில், 2007 செப்டம்பரில் செத்தது. இந்தக் கிளிகள் நாற்பது, ஐம்பது ஆண்டு வாழக்கூடியவை என்பதால் அது அற்பாயுசு. அலெக்ஸைப் பற்றிக் கேட்டதும் 'அடேயப்பா, அப்படி ஒன்று நம் வீட்டிலும் இருந்தால்!' என்கிறோம். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. சின்னப் பிள்ளையின் அறிவு உள்ள ஒரு உயிரைக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பூட்டி வைத்துவிட்டுப் போகிற வீட்டுக்கு என்ன பெயர்?

அப்படி ஒரு கிளியைக் கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டில் பார்த்தேன். தலை அழகாக இருந்தது. சாம்பல் இறகு ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கரை கட்டி, மீன் செதில் மாதிரி அடுக்கு. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. மார்பு முழுக்க வெறும் தோல், அங்கங்கே முளைக்கும்போதே கடித்துத் துப்பிய குருத்து. 'வெயிலுக்கு உதிர்க்குதுங்க' என்றார் வீட்டுக்காரர். வெயிலுக்கு உதிர்ந்தால் தலையிலும் உதிர வேண்டும். தலை மட்டும் தப்பியதற்குக் காரணம், சொந்த அலகு அங்கே எட்டாது. அது தன்னைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கிக்கொண்டே ஆயாவின் இருமலை இருமிக் காட்டியது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அதை வாங்கச் சொன்ன பையன் கல்லூரிக்குச் சென்னை போய்விட்டானாம். ஆயாவுக்குக் கண் மங்கல், கூண்டருகே கையை விடப் பயம்.

சிரிப்பு என்றதும் இன்னொன்று. 2020இல் இங்கிலாந்தில் லிங்கன்ஷையர் வனவுயிர்ப் பூங்காவில் ஐந்து சாம்பல் கிளிகளை ஒரே அறையில் வைக்க, ஐந்தும் கெட்ட வார்த்தை பேச ஆரம்பித்தன. பார்வையாளர்கள் சிரித்தார்கள். கிளிகள் சிரிப்பையும் கற்றுக்கொண்டன. ஒன்று திட்டும், இன்னொன்று சிரிக்கும். கடைசியில் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. எந்தச் சத்தத்துக்கு மனிதன் திரும்பிப் பார்க்கிறான் என்பதை அது கவனித்து வைத்துக்கொள்கிறது. அதைத்தான் 'என்னமா பேசுது' என்கிறோம்.

பாசத்தோடு செய்கிற அன்றாடத் தப்புகள் தனி. வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேர இரவு உள்ள நிலநடுக்கோட்டுக் காட்டின் பறவை இது. நாம் டிவிக்குப் பக்கத்தில் கூண்டை மாட்டி ராத்திரி பதினொன்று வரை வெளிச்சத்தில் உட்காரவைக்கிறோம். தீனி என்றால் கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை. அதில் கொழுப்புதான் அதிகம், கால்சியம் குறைவு, வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். கால்சியம் குறைந்தால் மற்றக் கிளிகளைவிட இதற்குச் சட்டென்று வலிப்பு வரும், கம்பியிலிருந்து கீழே விழும். முருங்கைக்கீரையும் கேரட்டும் பரங்கியும் முளைகட்டிய பயறும் நம் வீட்டிலேயே இருக்கின்றன, ஆனால் கிளிக்குப் போவது பிஸ்கட்டும் பால்சோறும். பாலைச் செரிக்கும் சரக்கே பறவை வயிற்றில் கிடையாது. ஜன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயிலும் வெயில் இல்லை, எலும்புக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நம் சித்திரை வெயிலோ காய்ந்த வெயில், இது ஈரக்காட்டுப் பறவை. உடம்பில் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டினால்தான் தோல் நமைச்சல் அடங்கும். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடக் காற்றை உறிஞ்சுவதில் கெட்டி, அதனால் நஞ்சையும் அப்படியே உறிஞ்சும். அடுப்பில் மறந்து காய்ந்துபோன நான்-ஸ்டிக் தவாவின் புகை சில நிமிடத்தில் கொன்றுவிடும். கொசுவத்தியும் சாம்பிராணியும் மெதுவாகச் செய்யும். இவற்றைச் சொன்னால் 'எங்க தாத்தா வீட்டுக் கிளி சோறு தின்னே பதினஞ்சு வருசம் இருந்துச்சு' என்று பதில் வரும். இருபது வருடத்துக்கு மேலும் இருந்திருக்க வேண்டிய கிளி அது.

'கூண்டிலேயே பிறந்ததுங்க, அதுக்குக் காடே தெரியாது' என்பது கடைசி வாதம். விற்பவர்களின் முதல் வாதமும் இதுதான். நாயும் கோழியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனோடு இருந்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்டு வீட்டு விலங்கானவை. இந்தக் கிளியின் பாட்டனோ முப்பாட்டனோ காட்டில் பசை வைத்துப் பிடிக்கப்பட்டவன். இடத்தை மாற்றினோம், மூளையை மாற்றவில்லை. சொல்லப்போனால் கை வளர்ப்பு கூடுதல் கெடுதல். சில வாரக் குஞ்சைத் தாயிடமிருந்து எடுத்துச் சிரிஞ்சில் கஞ்சி ஊட்டுகிறார்கள். அது மனிதனைத் தாயாக நினைக்கும் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நான்கைந்து வயதில் பருவத்துக்கு வந்ததும் அதே மனிதனைச் சோடியாக நினைக்கும், வீட்டில் மற்றவர்களை ரத்தம் வரக் கடிக்கும். அப்போது ராசியில்லாத கிளி என்று விலைக்குப் போட்டுவிடுவார்கள்.

அப்படியானால் திறந்து விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. 2022 ஜூலையில் கர்நாடகத்தின் தும்கூரில் ஒரு வீட்டுச் சாம்பல் கிளி பறந்துபோனது. ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டி, பரிசு அறிவித்துத் தேடினார்கள். சில நாள் கழித்துக் கிடைத்தபோது, கண்டெடுத்துக் கொடுத்தவருக்கு 85,000 ரூபாய் கொடுத்தார்கள். அது போய்ச் சேர்ந்தது சில கிலோமீட்டர் தள்ளித்தான். வீடு திரும்ப அதற்கு வழி தெரியவில்லை. கல்வராயன் மலையில் விட்டாலும் அதன் கூப்பாட்டுக்குப் பதில் சொல்ல ஒரு கிளியும் இல்லை.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வைத்துத்தான் ஆக வேண்டும், நன்றாக வைத்துக்கொள்வது எப்படி என்று கற்றுக்கொண்ட சிலரும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கூண்டு என்பது தூங்குகிற இடம். பகலில் கிளி அறைக்குள் பறக்கும், தீனியைக் காகிதத்திலும் மட்டையிலும் ஒளித்து வைத்துத் தேடிப் பிரிக்க விடுவார்கள், பக்கத்தில் இன்னொரு கிளி இருக்கும். ஏழு மணிக்கெல்லாம் இருட்டறை. பறவை மருத்துவம் தெரிந்தவரைப் பார்க்கச் சென்னை வரை போக வேண்டியிருந்தாலும் போவார்கள். அந்த வீட்டுக் கிளிகள் மனிதரிடம் பேசுவது குறைவு என்று நான் கவனித்திருக்கிறேன். ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால் நம்மிடம் பேச அவற்றுக்கு அவ்வளவு நேரம் இருப்பதில்லை.

இனிமேல் வாங்க நினைப்பவர் விற்பவரிடம் உரிமத்தையும் பதிவுச் சான்றையும் கேட்கட்டும். 'வீட்டுலயே பொரிச்சதுங்க சார், அதெல்லாம் தேவையில்ல, நல்லா பேசும்' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம். சான்று இருக்கிறது என்று காட்டினாலும் வீட்டில் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: இருபத்தைந்து வயதில் வாங்குகிற பறவையை, வாங்கியவருக்கு எழுபது ஆகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள்? அந்தப் பெயரை இன்றைக்கே எழுதி வைக்க முடியாதவர் முன்பணம் அனுப்ப வேண்டாம்.