சிஸ்டரம்மா வீட்டில் ஓபி கிடையாது

நான் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் மருந்தாளுநர். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் தாண்டிவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியதே இப்போதுதான். அதையும் நிம்மதியாகச் செய்யத் தெருக்காரர்கள் விடமாட்டேன் என்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

எனக்கு நைட் டூட்டி என்றால், காலையில் நான் உள்ளே நுழையும்போது அவர் வெளியே கிளம்புவார். பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், பால்காரர் பாக்கி, மாமியாரின் சுகர் மாத்திரை எல்லாவற்றையும் வார்டில் ஹேண்டோவர் கொடுப்பதுபோல வாசலில் நின்றபடியே சொல்லி முடிப்போம். தீபாவளியன்று நான் காஷுவாலிட்டியில் பட்டாசுக் காயங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பேன். பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது அவர்தான். 2020 மே மாதக் கடைசியில் நான் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அந்த மாதம்தான் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் 60 ஆனது. அந்த இரண்டு வருஷமும் கொரோனா வார்டில் கழிந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆள் தேவைப்பட்ட நேரம், வேலை பார்த்தோம்.

இப்போது காலையில் சேர்ந்தே உழவர் சந்தைக்குப் போகிறோம். அவர் தேங்காய் துருவினால் நான் தாளிக்கிறேன். முடிந்தால் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. ராத்திரியில் தூங்குகிறோம்; நைட் டூட்டி பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் சாயங்காலம் திண்ணையில் காபியோடு உட்கார்ந்தால் போதும், “சிஸ்டரம்மா, சும்மாதானே இருக்கீங்க?” என்று ஒருவர் வந்துவிடுகிறார். கையில் லேப் ரிப்போர்ட். அவர் போவதற்குள் அடுத்தவர், “சார், ஒரு பிரஷர் பாத்துடுங்க” என்று கையை நீட்டுகிறார். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் மாத்திரைப் படம் வருகிறது. அட்டையைக் கத்தரித்துக் கொடுத்த துண்டு. இரண்டு வெள்ளை மாத்திரை, ஓரத்தில் பாதி எழுத்து. பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. “இதைப் போடலாமா சார்?” என்று கேள்வி. வாழ்நாளெல்லாம் மருந்துப் பெயரை இரண்டு முறை படித்துப் பார்த்துக் கொடுத்த மனுஷர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

நேரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேட்பதெல்லாம் ஆபத்தானதாக இருக்கிறது. போன மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பையனை அழைத்து வந்தார்கள். மூன்று நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. “ஒரு வலி ஊசி போட்டுவிடுங்க, நாளைக்குப் பரீட்சை” என்றார் அவன் அம்மா. ஊசி மருந்தையும் அவரே வாங்கி வந்திருந்தார். டாக்டர் எழுதாமல் ஊசி போட எனக்கு அதிகாரம் கிடையாது. சர்வீஸில் இருந்தபோதும் கிடையாது. அதோடு அது டெங்கு பரவும் காலம். டெங்குவாக இருந்து டைக்ளோஃபினாக் மாதிரி வலி மருந்து உள்ளே போனால் ரத்தக்கசிவு அதிகமாகலாம். யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சு அடைத்தால் என் வீட்டில் ஆக்சிஜனா இருக்கிறது, அட்ரினலினா இருக்கிறது? இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். “ரிட்டயர் ஆனதும் பெரிய மனுஷி ஆயிட்டாங்க” என்று தெருவில் பேச்சு.

என் வீட்டுக்காரருக்கு நடந்தது அதைவிட மோசம். தெருக்காரர் ஒருவர் மெடிக்கல் ஷாப்பில் போய், “சார்தான் சொல்லியனுப்பினார்” என்று இவர் பெயரைச் சொல்லி செஃபிக்ஸிம் கேட்டிருக்கிறார். சாதாரணச் சளிக்கு! அது எச்1 பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார்கள், யாருக்குக் கொடுத்தோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். வைரஸால் வரும் சளிக்கு அது வேலையும் செய்யாது. கடைக்காரர் போன் செய்து கேட்டதால் விஷயம் தெரிந்தது. சர்வீஸ் முழுக்க ஒரு மாத்திரைக் கணக்கு தப்பாமல் பார்த்துக்கொண்டவர், அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஒரு அவசரம் என்றால் நாங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் அல்ல. யாராவது மயங்கி விழுந்தால் ஓடி வருவோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை எப்போது போடுவது என்று புரியாவிட்டால் பகலில் வாருங்கள், உட்கார்ந்து சொல்லித் தருகிறோம். மற்றதற்கெல்லாம் வழி இல்லாமலா இருக்கிறது? பிரஷர், சுகர் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கேட்பதில்லை. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். தயவுசெய்து எங்கள் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நிற்காதீர்கள். அந்தப் பத்து நிமிஷத்தைத் திருப்பிக் கொடுக்க எங்கள் இருவராலும் முடியாது.